கடனும் குற்றமும்

செப்டம்பர் 30-ஆம் நாளைத் திருச்சபை புனித எரோணிமுஸின் திருநாளாகக் கொண்டாடுகிறது. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இருந்த இறைவார்த்தையை இலத்தீன் மொழி பேசிய மக்களின் கைகளில் தந்த அவர், கி.பி. 420-இல் பெத்லகேமில் மறைந்தார். மொழிபெயர்ப்பாளர்கள் அனைவருக்கும் அவரே பாதுகாவலர். ஐக்கிய நாடுகள் அவையும் 2017-இல் இந்நாளையே பன்னாட்டு மொழிபெயர்ப்பு நாளாக ஏற்றுக்கொண்டது.

அதே நாளுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாள்களில், உக்ரைன் நாட்டுக் கீவ் நகரின் ஓரத்திலிருந்த பாபி யார் என்னும் பள்ளத்தாக்கில் 33,771 யூதர்களை ஜெர்மானியப் படையினர் சுட்டுக் கொன்றனர். கொன்றவர்களே எண்ணி எழுதி மேலிடத்துக்கு அனுப்பிய கணக்கு அது. அங்கே கொல்லப்பட்டவர்களுள் ஓர் இளம்பெண்ணும் அவளுடைய தாயும் இருந்தனர். அப்பெண்ணுக்கு ஓர் உயிர்த்தோழி இருந்தாள். தோழிக்கு அப்போது வயது பதினெட்டு.

அந்தத் தோழியே பின்னாளில் ரஷ்யப் பேரிலக்கியத்தை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர்களுள் தலைசிறந்தவராகப் போற்றப்பட்ட ஸ்வெத்லானா கையர் அம்மையார். தம் தோழியைக் கொன்றவர்களின் மொழியையே அவர் தம் வாழ்நாள் பணிக்கு உரிய மொழியாகக் கொண்டார். அவர்களுடைய நாட்டிலேயே அறுபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்நாட்டுக்குத் தாம் நன்றி பாராட்டுவதை அவர் மறைக்கவும் இல்லை.

இது முறையா? கொலைகாரக் கூட்டம் ஒன்றின் கையிலிருந்து நன்மை பெற்றவர், அந்நன்மைக்காக நன்றியுடன் இருக்கலாமா? இருந்தால், இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய நீதி என்னவாகும்? இதை அந்த அம்மையாரைப் பற்றிய கேள்வியாக மட்டும் கொள்ளாமல், நம்மைப் பற்றிய கேள்வியாகவும் கொண்டு சிறிது சிந்திப்போம்.

ஸ்வெத்லானா 1923-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் கீவ் நகரில் பிறந்தார். தந்தை வேளாண்துறை அறிஞர். சிறுவயதிலேயே மகளுக்குப் பிரெஞ்சு மொழியையும் ஜெர்மன் மொழியையும் தனியாசிரியர்களைக் கொண்டு பெற்றோர் கற்பித்தனர். அந்த ஜெர்மன், கேதேயும் ஷில்லரும் எழுதிய மொழியாகவே அச்சிறுமிக்கு அறிமுகமாயிற்று. 1938-இல், ஸ்டாலின் ஆட்சியின் களையெடுப்பில் தந்தை சிறைப்பட்டார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து அவர் வீடு திரும்பியபோது சித்திரவதைகளால் உடல் சிதைந்திருந்தது. மகளே உடனிருந்து பணிவிடை செய்தாள். நெடுநாள் அவர் உயிர்வாழவில்லை.

1941 செப்டம்பர் 19-ஆம் நாள் ஜெர்மானியப் படை கீவ் நகரைக் கைப்பற்றியது. பாபி யார் படுகொலை நிகழ்ந்தது அதற்குப் பத்து நாள்கள் கழித்து. நகரில் உணவு இல்லை, வேலை இல்லை. விதவையான தாயும் பதினெட்டு வயது மகளும் பிழைக்க வேண்டியிருந்தது. ஜெர்மன் அறிந்த அந்தப் பெண், கீவ் நகரில் பணி செய்துவந்த ஒரு ஜெர்மானியப் பாலக் கட்டுமான நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாள். அந்த வேலை அவளையும் தாயையும் காத்தது. அதே வேலை, சோவியத் ஆட்சி திரும்பி வந்தால் அவளைத் துரோகியாக்கும் சான்றாகவும் இருந்தது. ஏற்கெனவே அவள் 'மக்களின் பகைவன்' என்று பழிசுமத்தப்பட்ட ஒருவரின் மகள்.

1943-இல் ஜெர்மானியர் பின்வாங்கியபோது தாயும் மகளும் அவர்களுடன் ஜெர்மனி சென்றனர். அங்கே டார்ட்முண்ட் நகரில், கிழக்கு நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களுக்கான முகாமில் அடைக்கப்பட்டனர். சில மாதங்களுக்குப் பின், அறிந்தவர்கள் சிலரின் தலையீட்டால் விடுதலை கிடைத்தது. அதன்பின் ஹம்போல்ட் உதவித்தொகை ஸ்வெத்லானாவுக்கு வழங்கப்பட்டது. 1944-இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் அவர் இலக்கியம் பயிலத் தொடங்கினார். ஓர் இனத்தையே அழித்துக்கொண்டிருந்த ஓர் அரசின் கீழ், சில மனிதர்கள் ஓர் அயல்நாட்டுப் பெண்ணுக்குக் கல்வி கிடைக்க வழி செய்தார்கள். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் நடந்தவை. இரண்டும் உண்மை.

இத்தகைய வாழ்வைக் கேட்டவுடன் நாம் இரண்டு தீர்ப்புகளுள் ஒன்றை நாடுவோம். 'பகைவனின் சோற்றை உண்டவள்' என்று பழிப்பது ஒன்று. 'உயிர் பிழைக்க எதையும் செய்யலாம்' என்று முழுவதும் விடுவிப்பது மற்றொன்று. முதல் தீர்ப்பை வழங்க நமக்கு உரிமை இல்லை. பசித்த தாயின் முகத்தை நாம் அந்நகரில் இருந்து பார்க்கவில்லை. இரண்டாவது தீர்ப்போ இறந்த தோழியை மறந்துவிடுகிறது. இவ்விரண்டையும் தவிர்த்தால் எஞ்சுவது கடினமான பாதை. பெற்ற நன்மையை நன்மை என்றும், நடந்த கொலையைக் கொலை என்றும் சொல்வதே அது.

இங்கே நம் வள்ளுவர் நமக்கு ஒரு சோதனையாக வருகிறார். செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்தில், ஒருவர் கொலைக்கு நிகரான தீமையை நமக்குச் செய்தாலும், முன்பு அவர் செய்த ஒரு நன்மையை நினைத்தால் அத்தீமை மறைந்துபோகும் என்கிறார் அவர். உயர்ந்த அறம்தான். ஆயினும் அது யாருக்கு இழைக்கப்பட்ட தீமையைப் பற்றிப் பேசுகிறது? எனக்கு இழைக்கப்பட்ட தீமையைப் பற்றியே பேசுகிறது. என் கன்னத்தில் விழுந்த அடியை நான் மறக்கலாம். பிறர் மார்பில் பாய்ந்த குண்டை, எனக்குக் கிடைத்த உதவித்தொகையின் பொருட்டு நான் எப்படி மறப்பேன்? என் நன்றியைக் கொண்டு இன்னொருவர் சிந்திய குருதியின் கணக்கைத் தீர்க்க எனக்கு அதிகாரம் ஏது? மன்னிக்கும் உரிமை முதலில் காயம்பட்டவருக்கு உரியது. இறந்தவர் சார்பில் மன்னிப்பை வாரி வழங்குவது, பெருந்தன்மைபோலத் தோன்றினாலும், அவருக்குச் செய்யும் இன்னோர் அநீதியே.

இது தொலைதூர ஐரோப்பாவின் சிக்கல் மட்டும் அன்று. நம்மைப் படிக்கவைத்து ஆளாக்கிய பெரியப்பா, தம் உடன்பிறந்த தங்கைக்குச் சேரவேண்டிய நிலத்தை அபகரித்தவராக இருக்கக்கூடும். நமக்கு வேலை வாங்கித் தந்த முதலாளி, வேறொரு தொழிலாளியின் கூலியைப் பிடித்துவைத்தவராக இருக்கக்கூடும். 'எனக்கு நல்லவர், அதனால் நல்லவர்' என்று நாம் முடிவு கட்டுகிறோம். அத்தையின் பேச்சு வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறோம். அல்லது, ஒருநாள் உண்மை தெரிந்து வெகுண்டெழுந்து, பெற்ற நன்மையையே இல்லை என்று மறுக்கிறோம். இரண்டுமே பொய். பெரியப்பாவுக்கு நாம் பட்டிருப்பது கடன். அத்தைக்கு அவர் இழைத்தது குற்றம். ஒன்று மற்றொன்றைத் துடைப்பதில்லை.

கடன், குற்றம் என்னும் இந்த இரு சொற்களையும் ஜெர்மன் மொழி ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது. 'ஷுல்ட்' என்பது அச்சொல். ஒருவர் திருப்பித் தரவேண்டிய கடனுக்கும் அதுவே பெயர். ஒருவர் மேல் நிற்கும் குற்றப்பழிக்கும் அதுவே பெயர். ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாம் 'குற்றங்கள்' என்று சொல்லும் இடத்தில் ஜெர்மானியர் இந்தச் சொல்லையே சொல்கின்றனர். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்திலோ அவ்விடத்தில் (6:12) இருப்பது 'கடன்கள்' என்னும் சொல். இறைவனுக்குத் தரவேண்டியதைத் தராமல் நிற்பதே பாவம் என்ற ஆழ்ந்த பொருள் அதில் உண்டு.

ஸ்வெத்லானா கையரின் வாழ்வுப்பணி இந்தச் சொல்லின் மேல்தான் ஒருநாள் வந்து மோதியது. அதைச் சொல்லுமுன் அவர் பணியைச் சிறிது காண்போம்.

1957-இல் அவருடைய மொழிபெயர்ப்புப் பணி தொடங்கிற்று. டால்ஸ்டாய், புல்காகவ், சோல்ஜெனிட்சின் போன்றோரின் படைப்புகளை ஜெர்மனில் தந்தார். கார்ல்ஸ்ரூ, ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகங்களில் ரஷ்ய மொழி கற்பித்தார். திருமணம் செய்து, இரண்டு குழந்தைகளை வளர்த்து, தாயையும் தம்முடனேயே வைத்துக் காத்தார். எழுபது வயதை ஒட்டிய காலத்தில், பலர் ஓய்வை நாடும் பருவத்தில், சூரிக் நகரின் அம்மான் பதிப்பகத்துக்காகத் தஸ்தயேவ்ஸ்கியின் ஐந்து பெரும் நாவல்களையும் புதிதாக மொழிபெயர்க்கும் பணியை மேற்கொண்டார். முதல் நூல் 1994-இல் வெளிவந்தது, 'அசடன்' 1996-இல், தீய ஆவிகளைப் பற்றிய நாவல் 1998-இல், 'கரமாசோவ் சகோதரர்கள்' 2003-இல், ஐந்தாவது நூல் 2006-இல். அப்போது அவருக்கு வயது எண்பத்து மூன்று. மேசை மேல் அடுக்கியிருந்த அந்த ஐந்து தடித்த நூல்களையும் அவர் தம் ஐந்து யானைகள் என்று அழைப்பார்.

அவர் வேலைசெய்த முறையும் அறியத்தக்கது. மூலநூலைத் திரும்பத் திரும்பப் படித்து முழுமையாகத் தம்முள் வாங்கிக்கொள்வார். பிறகு வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போவார்; உதவியாளர் ஒருவர் தட்டச்சுப் பொறியில் பதிவு செய்வார். பின்னர் வேறொருவர் அதனை உரக்கப் படிப்பார். அம்மையார் கேட்டுத் திருத்துவார். ஒவ்வொரு சொல்லுக்கும் வாதம் நடக்கும். சொல்லுக்குச் சொல் ஊர்ந்து செல்வது மொழிபெயர்ப்பு ஆகாது என்பதும், முழுமையை உள்ளத்தில் ஏந்தியவருக்கே பகுதி விளங்கும் என்பதும் அவர் கொள்கை.

இனி அந்த முதல் யானையிடம் வருவோம். தஸ்தயேவ்ஸ்கி 1866-இல் வெளியிட்ட நாவலைத் தமிழர் 'குற்றமும் தண்டனையும்' என்று அறிவோம். எம்.ஏ. சுசீலா அவர்கள் ஆங்கில வழியாகச் செய்த தமிழாக்கம் 2007-இல் இப்பெயரிலேயே வந்தது. ரஷ்ய மூலத்தின் தலைப்பும் இதே பொருள் உடையதே. குற்றத்தைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லின் வேரில், ஓர் எல்லையைத் தாண்டிக் காலடி வைத்தல் என்னும் கருத்து உறைந்திருக்கிறது. நம் 'வரம்பு மீறல்' என்பதைப் போல. ஆனால் ஜெர்மானிய வாசகர்கள் அந்நாவலைப் பல தலைமுறைகளாக வேறொரு தலைப்பில் அறிந்திருந்தனர். 'ஷுல்ட்' என்னும் அந்தச் சொல்லை முதலாகக் கொண்டு, 'குற்றப்பழியும் பரிகாரமும்' என்று பொருள்படும் தலைப்பு அது. கேட்க ஆழமாகவும் சமயச் சாயலுடனும் இருந்ததால் அது ஊறிப்போயிருந்தது. கையர் அதை விலக்கினார். நீதிமன்றத்தில் வழங்கும் வெளிப்படையான இரு சொற்களால் 'குற்றமும் தண்டனையும்' என்றே தம் நூலுக்குப் பெயரிட்டார். அவருக்கு முன்னும் சிலர் அவ்வாறு பெயரிட்டதுண்டு. எனினும் பழைய தலைப்பின் பிடியை அசைத்தது அவருடைய நூலே எனலாம்.

கத்தோலிக்க வாசகர் ஒருவர் இங்கே தயங்கக்கூடும். பழிக்கு மனம் வருந்துதலும் பரிகாரம் தேடுதலும் அல்லவா உயர்ந்தவை? ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் நாடுவதும் அவற்றைத்தானே? வெறும் குற்றமும் தண்டனையும் காவல்நிலையத்துச் சொற்கள் அல்லவா?

கதையை நினைவுகூர்வோம். வறுமையில் வாடும் மாணவன் ரஸ்கோல்னிகோவ், வட்டிக்குக் கடன் தரும் ஒரு கிழவியைக் கோடரியால் கொல்கிறான். எதிர்பாராமல் உள்ளே வந்துவிட்ட அவளுடைய அப்பாவித் தங்கையையும் கொல்கிறான். மாமனிதர்கள் உயர்ந்த நோக்கத்துக்காக வரம்பைத் தாண்டலாம் என்பது அவன் கோட்பாடு. கிழவி அவனுக்கு மனிதப்பிறவியே அல்ல, ஒரு பேன். சோனியா என்னும் ஏழைப்பெண் அவனுக்கு இலாசர் உயிர்பெற்ற நற்செய்திப் பகுதியை வாசிக்கிறாள். அவன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். சைபீரியாவில் எட்டு ஆண்டுகள் கடுங்காவல் தண்டனை பெறுகிறான். ஆனால் அங்கேயும் அவன் உள்ளம் மனந்திரும்பவில்லை. தான் தோற்றதற்காக வெட்கப்படுகிறானேயன்றிக் கொன்றதற்காக வருந்தவில்லை. நூலின் கடைசிப் பக்கங்களில்தான், ஆற்றங்கரையில் சோனியாவின் காலடியில் அவன் விழுகிறான். அதன்பின் நிகழவிருக்கும் புதுப்பிறப்பு வேறொரு கதை என்று சொல்லி ஆசிரியர் முடித்துவிடுகிறார்.

ஆகவே, பரிகாரம் என்பதைத் தலைப்பிலேயே வைத்தால், இறுதியில் அருளால் மட்டுமே நிகழக்கூடியதை முதல் அட்டையிலேயே நாம் பறித்துக்கொண்டவர்கள் ஆவோம். குற்றத்தை மனிதன் செய்கிறான். தண்டனையை அரசு தருகிறது. மனமாற்றத்தையோ எவரும் எவர்மேலும் சுமத்த முடியாது. அது அவனுடைய சுதந்திரமும் இறைவனின் அருளும் சந்திக்கும் இடம். தஸ்தயேவ்ஸ்கி அந்த இடத்தைத் திறந்து வைத்தார். நல்ல மொழிபெயர்ப்பாளர் அதனை மூடவில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அதுவே இக்கட்டுரையின் மையம். பழியுணர்வு, பரிகாரம் என்னும் இரண்டும் குற்றவாளியின் உள்ளத்தைச் சுற்றியே சுழல்பவை. அவன் எப்படி வருந்தினான், எப்படித் தூய்மை அடைந்தான் என்றே நாம் கேட்கிறோம். குற்றம் என்று சொன்னதுமோ, 'யாருக்கு எதிராக?' என்னும் கேள்வி எழுகிறது. கோடரியின் கீழ் விழுந்த இரு பெண்கள் கண்முன் வருகிறார்கள். பேன் என்று அவன் எண்ணியது பொய், அவள் மனுஷி என்பது உறுதியாகிறது. கையர் தம் தலைப்பில் ஆண்ட ஜெர்மன் சொல், மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று நாம் சொல்லும் தொடரிலும் வரும் சொல். ஒரு மக்களினத்தையே பூச்சிகள் என்று பெயரிட்டு அழித்த நாட்டின் வாசகர்களுக்கு, வரம்பு தாண்டியவனின் கதையை, மென்மைப்படுத்தாத சொல்லோடு, பாபி யாரில் தோழியை இழந்த பெண் திருப்பித் தந்தார். இதற்காகவே அவர் தலைப்பை மாற்றினார் என்று சொல்வது மிகை. மூலத்துக்கு உண்மையாக இருப்பதே அவர் நோக்கம். ஆயினும் சொல்லுக்கு உண்மையாக இருப்பவர், அறியாமலே இறந்தவர்களுக்கும் உண்மையாக இருந்துவிடுகிறார்.

அவர் தம் கடனை அடைத்த விதமும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. தமக்கு உயிரும் கல்வியும் தந்த மொழிக்கு, புகழ்மாலை சூட்டி அவர் நன்றி செலுத்தவில்லை. அம்மொழி தாங்கவேண்டிய உண்மையை அதன் தோளில் ஏற்றினார். ஆயிரக்கணக்கான பக்கங்கள், ஆண்டுக்கணக்கான உழைப்பு, தட்டச்சுப் பொறியின் ஓசை, மேசை மேல் திருத்தப்பட்ட தாள்கள். உண்மையை மறைக்கும் நன்றி கையூட்டுக்குச் சமம். உண்மையைச் சொல்லும் நன்றியே அன்பு. பெரியப்பாவுக்கு நாம் செய்யக்கூடிய உயர்ந்த கைம்மாறும், அத்தைக்கு உரியதை அத்தையிடம் சேர்ப்பிக்க முயல்வதாகவே இருக்க முடியும்.

இப்படி வாழ்ந்தவருக்குத் துன்பம் குறையவில்லை. முதுமையில் அவருடைய மகன் ஒரு விபத்தில் படுகாயமுற்றார். தாய் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு, மகனுக்காக நாள்தோறும் சமைத்து எடுத்துச் சென்றார். மகன் அவருக்கு முன்பே இறந்தார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் பேத்தியுடன் தொடர்வண்டியில் ஏறிக் கீவ் நகருக்கும் ஒருமுறை போய்வந்தார். இவற்றையெல்லாம், 2009-இல் வதீம் யெந்த்ரெய்கோ இயக்கிய 'ஐந்து யானைகளுடன் ஒரு பெண்மணி' என்னும் ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது. மறு ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், தம் எண்பத்தேழாம் வயதில், ஃப்ரைபுர்க் நகரில் அவர் காலமானார்.

'கரமாசோவ் சகோதரர்கள்' நூலின் முகப்பில் தஸ்தயேவ்ஸ்கி யோவான் நற்செய்தியின் கோதுமை மணியைப் பற்றிய வசனத்தை (12:24) வைத்திருக்கிறார். மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றிய சொல் அது. மொழிபெயர்ப்பாளரின் பெயரை வாசகர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவர் மறைந்தால்தான் மூலம் பேசும். அவ்வகையில் எரோணிமுஸின் வழிவந்தோர் அனைவருமே அந்த மணியை ஒத்தவர்கள்.

நவம்பர் மாதம் இறந்தோரை நினைவுகூரும் மாதம். அப்போது நாம் நம் குடும்பத்தில் நமக்கு நன்மை செய்தவர்களின் பெயரில் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். அது நன்று, அது நம் கடன். அந்தப் பட்டியலில், அவர்களால் காயப்பட்டு இறந்தவர்களின் பெயரையும் எழுதிக் கொடுக்க நமக்குத் துணிவு உண்டா என்று கேட்டுப் பார்ப்போம். இருவருடைய பெயர்களும் ஒரே பீடத்தில் வாசிக்கப்படும்போது, நம்மால் தீர்க்க முடியாத கணக்கை, தீர்க்க வல்லவரிடம் நாம் ஒப்படைக்கிறோம். ஆனால் அத்தையின் பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருந்தால், திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், அவர்கள் வீட்டுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.